உஷார்! போனில் வருவது எந்த ‘லிங்க்’ என்று கேட்காமல் தொடாதீர்கள்

அவசரம் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஆதார் லிங்க் ஆகவில்லை’, ‘கேஒய்சி காலாவதி ஆகிவிட்டது’, ‘வண்டிக்கு அபராதம்’, ‘பிஎம் கிசான் பணம் நிற்கிறது’ என்று என்ன காரணம் சொல்லி ஒரு லிங்க்கோ ஃபைலோ உங்கள் போனுக்கு வந்தாலும் அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே தொட்டு, பணமும் போயிருந்தால் இதைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு இந்த நிமிடமே பேசுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இந்த எச்சரிக்கை எல்லோருக்கும் பொது. ஆனால் மலையடிவாரத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தேனி மாவட்டத்தில் தேவாரம், ராசிங்கபுரம், சிலமலை, பண்ணைப்புரம், கோம்பை என்று இந்த வரிசையில் இருக்கும் ஊர்களின் பிழைப்பில் பாதி மலைக்கு மேலே இருக்கிறது. விடிவதற்குள் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். காய் எடுத்து, களை வெட்டி, பொழுது சாயும் நேரத்தில் இறங்குகிறார்கள். தோட்டத்துக்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது. காலை 11 மணிக்கு அக்கவுண்டிலிருந்து பணம் போனால், அந்த மெசேஜ் ஜீப் இறக்கத்தில் வரும்போது ஏதோ ஒரு வளைவில் டவர் கிடைத்த பிறகுதான் விழும். அதற்குள் அந்தப் பணம் நாலு அக்கவுண்ட் மாறி, எங்கோ ஓர் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்திருக்கும். இந்தத் திருட்டில் முதல் ஒரு மணி நேரம்தான் உயிர். நமக்கு அந்த ஒரு மணி நேரமே மலையில் தொலைந்துவிடுகிறது.

முன்பு வீட்டில் இருக்கிற காசு அடுக்குப் பானையிலோ முந்தானை முடிச்சிலோ இருந்தது. இன்று எல்லாம் பேங்கில். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 2023 செப்டம்பர் 15 முதல் அக்கவுண்டுக்கே வருகிறது. பிஎம் கிசான் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக அங்கேதான் வருகிறது. காய் விற்ற பணமும் கூலியும்கூட பலருக்குப் போன் வழியாகத்தான். பூட்டை உடைக்க ராத்திரியில் யாரும் வர வேண்டியதில்லை. ஒரு சொல் போதும். அந்தச் சொல்தான் ‘லிங்க்’.

ஒரே சொல், ஏழு வேலை

இந்த இங்கிலீஷ் சொல்லை நம்மூரில் பள்ளிக்கூடம் பார்க்காத அப்பத்தாவும் சரளமாகச் சொல்லும். ஆனால் இடத்துக்கு இடம் அர்த்தம் மாறும். மெதுவாக எண்ணிப் பாருங்கள்.

பேங்க் கவுண்டரில் “லிங்க் இல்ல, மத்தியானத்துக்கு மேல வாங்க” என்றால் பேங்க் கம்ப்யூட்டருக்கு லைன் கிடைக்கவில்லை என்று பொருள். இ-சேவை மையத்தில் “ஆதார் லிங்க் ஆயிருச்சா?” என்றால் ஒரு பதிவோடு இன்னொரு பதிவைச் சேர்த்தாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். டீக்கடையில் “அவருக்கு மேலிடத்துல லிங்க் இருக்குப்பா” என்றால் செல்வாக்கு. “அந்தக் கேஸுக்கும் இந்தக் கேஸுக்கும் லிங்க் இருக்கு” என்றால் தொடர்பு. ‘லிங்க் ரோடு’ என்றால் இரண்டு ஊரைச் சேர்க்கும் பாதை. சாக்கலூத்து மெட்டு வழியாக அப்படி ஒரு ரோடு போட்டால் உடும்பன்சோலைப் பக்கம் போகும் தூரம் குறைந்துவிடும் என்று தேவாரத்துக்காரர்கள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆறாவது, போனில் நீல எழுத்தில் வருவது. விரல் பட்டால் வேறெங்கோ கூட்டிக்கொண்டு போவது. ஏழாவது வாட்ஸ்அப்புக்குள் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இங்கிலீஷில் இந்தச் சொல்லின் பழைய அர்த்தம் சங்கிலியில் இருக்கும் ஒரு வளையம். தமிழில் அதைக் கண்ணி என்போம். முயலுக்கு வைக்கிற சுருக்கும் தமிழில் கண்ணிதான். இன்றைய நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைக்காது.

சீனாவில் இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் ஒரு தலைவலி. ஏனென்றால் அவர்கள் மொழியில் இதற்கு ஒரே சொல் கிடையாது. இரண்டு பேருக்கோ இரண்டு விஷயத்துக்கோ உள்ள தொடர்பு என்றால் ‘லியென்ஷி’. ஒரு வேலையில் வரும் கட்டம் என்றால் ‘ஹுவான்ஜியே’. இணையத்தில் தொடுகிற லிங்க் என்றால் ‘லியென்ஜியே’. எனவே ‘லிங்க்’ என்று கேட்டதும் அந்தப் பிள்ளை ‘இதில் எது?’ என்று நின்று யோசித்துத்தான் மேலே போக முடியும். அங்கே மோசடியே நடக்காது என்று சொல்ல வரவில்லை; நன்றாகவே நடக்கிறது. ஆனால் அந்த ஒரு நொடி நிற்கிற பழக்கத்தை நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம். நாம் சத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டோம். அதனால் ‘எது?’ என்ற கேள்வியே நமக்கு எழுவதில்லை. தமிழில் ‘இணைப்பு’ என்று எழுதினாலும் கதை அதேதான்: மின் இணைப்பு, ஆதார் இணைப்பு, ‘கீழே உள்ள இணைப்பைத் தொடவும்’.

திருடனுக்கு வேண்டியதும் இந்தக் குழப்பம்தான். அவன் அனுப்புகிற வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள்: ‘உங்கள் ஆதார் லிங்க் ஆகவில்லை. உடனே கீழே உள்ள லிங்க்கைத் தொடவும்.’ முதல் லிங்க் ஆபீஸில் முடிகிற காரியம். இரண்டாவது லிங்க் அவன் வீட்டுக் கதவு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரே சொல் இரண்டு தடவை வந்ததால் நம் மனசு தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ‘அங்கே லிங்க் ஆகவில்லை, இங்கே லிங்க் தருகிறார்கள், சரியாகத்தானே இருக்கிறது’ என்று விரல் இறங்கிவிடுகிறது.

பொய்யை நம்பவைத்த நிஜம்

படித்தவர்களும் இதில் விழுகிறார்களே என்று கேட்கலாம். விழுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘லிங்க் பண்ணவில்லை என்றால் நின்றுவிடும்’ என்ற மிரட்டல் பல முறை நிஜமாகவே வந்தது.

2022 நவம்பர் 28 முதல் தமிழ்நாடு முழுக்க மின்வாரிய அலுவலகங்களில் சிறப்பு முகாம் போட்டு மின் இணைப்பு எண்ணோடு ஆதாரைச் சேர்த்தார்கள். கடைசித் தேதியைத் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி 28 வரை கொண்டுபோனார்கள். பான் கார்டோடு ஆதாரைச் சேர்க்க 2023 ஜூன் 30 கெடு, அதற்கு 1,000 ரூபாய் கட்டணம். சேர்க்காத பான் கார்டு மறுநாளிலிருந்து செல்லாமல் போனது. 100 நாள் வேலைக் கூலி 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் என்றார்கள். பிஎம் கிசானுக்கு இ-கேஒய்சி கேட்டார்கள். ரேஷன் கடையில் கைரேகை கேட்டார்கள். வரிசையில் நின்று நின்று, ‘லிங்க்’ என்றாலே பதறிப்போய் ஓடும் பழக்கம் வந்துவிட்டது. திருடன் புதிதாகப் பயமுறுத்த வேண்டிய அவசியமே இல்லை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற பயத்தைத் தொட்டுவிட்டால் போதும்.

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பான் கார்டுக்கும் அரசு உதவிகளுக்கும் ஆதார் கேட்கலாம் என்றது. பேங்க் அக்கவுண்டுக்கும் செல்போன் நம்பருக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாது என்றது. அரசுப் பணம் உங்கள் அக்கவுண்டுக்கு வர வேண்டுமென்றால் ஆதார் சேர்த்திருக்க வேண்டும், அது வேறு விஷயம். அதையும் பேங்க் கிளையில் நேரில் முடித்துக்கொள்ளலாம். ‘இன்று சாயங்காலம் 4 மணிக்குள் லிங்க் பண்ணாவிட்டால் அக்கவுண்ட் முடங்கும்’ என்று எந்தப் பேங்க்கும் வாட்ஸ்அப்பில் கெடு வைக்காது.

ஜீப்காரருக்கு வரும் ‘அபராதம்’

இப்போது ஒரு வலையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘உங்கள் வாகனம் போக்குவரத்து விதியை மீறியுள்ளது. அபராதம் 500 ரூபாய். ஆதாரத்தைப் பார்க்கவும் பணம் செலுத்தவும் கீழே உள்ள ஃபைலைத் திறக்கவும்.’

மேலே அரசுச் சின்னம். கீழே ‘ஆர்டிஓ சலான்’ என்று பெயர் போட்ட ஒரு ஃபைல். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் மூன்று எழுத்து: ஏ, பி, கே.

மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர் இதை எப்படி நம்பாமல் இருப்பார்? கேரளாவில் ‘சேஃப் கேரளா’ திட்டத்தில் 726 கேமராக்களை நிறுத்தி, 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடத் தொடங்கினார்கள். சீட் பெல்ட் போடவில்லை, போன் பேசிக்கொண்டு ஓட்டினார் என்று நிஜமாகவே சலான் வந்தவர்கள் இங்கே உண்டு. ‘எந்த இடத்தில் பிடித்தார்கள்?’ என்று பார்க்கிற அவசரத்தில் ஃபைலைத் தொடுகிறார்.

அந்த மூன்று எழுத்தில்தான் எமன் இருக்கிறான். ஏபிகே என்றால் போட்டோவும் கிடையாது, ரசீதும் கிடையாது. அது ஒரு ஆப். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாக வராமல் பின்வாசல் வழியாக வருகிற ஆப். முதலில் போனே தடுக்கும்: ‘தெரியாத இடத்திலிருந்து வருகிறது, நிறுவலாமா?’ என்று இங்கிலீஷில் கேட்கும். அவசரத்தில் ‘அலவ்’ என்பதைத் தொடுவோம். அடுத்து ‘எஸ்எம்எஸ்ஸைப் படிக்கலாமா?’ என்று கேட்கும். அதற்கும் ‘அலவ்’. அவ்வளவுதான், கதை முடிந்தது.

இனி உங்கள் போனுக்கு வரும் ஓடிபி உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே திருடனுக்குப் போய்விடும். ‘நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே’ என்று அழுகிறவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. அவர்கள் வாயால் சொல்லவில்லை, ஆப் சொல்லியிருக்கிறது. ஆப்பின் படமே திரையில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் வகையும் உண்டு. அதோடு விடுவதும் இல்லை. உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும் சொந்தக்காரர்கள் குரூப், தோட்டத்து ஆட்கள் குரூப், கோயில் கமிட்டி குரூப் எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரிலேயே அந்த ஃபைலை அனுப்பும். ‘மாமா அனுப்பியிருக்காரே’ என்று மச்சான் திறப்பார். அதனால் தெரிந்தவர் அனுப்பியது என்பது இனிமேல் நம்புவதற்குக் காரணம் ஆகாது. கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும் பிஎம் கிசான் பட்டியல் என்று வந்தாலும் கடைசி மூன்று எழுத்து ஏபிகே என்றால் திறக்கக் கூடாது. பத்திரிகை ஒருநாளும் ஆப்பாக வராது.

நிஜமாகவே அபராதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? பரிவாஹன் என்ற அரசு இணையதளத்துக்கு நீங்களே எழுத்து எழுத்தாக டைப் செய்து போங்கள். இ-சலான் பகுதியில் வண்டி நம்பரைப் போட்டால் தெரிந்துவிடும். டைப் செய்ய வராது என்றால் ஆர்டிஓ ஆபீஸிலோ இ-சேவை மையத்திலோ கேளுங்கள். இரண்டு நாள் தாமதமாகக் கட்டுவதால் ஜீப்பை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

அப்பத்தாவுக்கு வரும் போன்

இரண்டாவது வலை, பேச்சு வலை. ஆண்கள் மலைக்குப் போன பிறகு, காலை 10 மணிக்கு மேல் வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது வருவது. பேச்சு இப்படித்தான் போகும்:

“வணக்கம்மா, பேங்க் ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். உங்க அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் ஆகலம்மா.”

“போன மாசந்தான தம்பி கைரேகை வச்சுட்டு வந்தேன்?”

“அது ஆபீஸ் லிங்க்மா. ஆன்லைன் லிங்க் ஆகல. இன்னிக்கு 4 மணிக்குள்ள பண்ணலேன்னா உரிமைத் தொகை நின்னுடும்.”

“அய்யய்யோ, நான் என்னய்யா பண்ணட்டும்?”

“பயப்படாதீங்கம்மா, நான் எதுக்கு இருக்கேன்? வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். பேரப்பிள்ளைகிட்ட குடுத்து அமுக்கச் சொல்லுங்க. லைனை மட்டும் கட் பண்ணிறாதீங்க.”

இதில் எத்தனை கொக்கி இருக்கிறது என்று பாருங்கள். ‘ஆன்லைன் லிங்க்’ என்று உலகத்தில் இல்லாத ஒன்றை உண்டாக்குகிறான். அப்பத்தா சொன்ன சரியான பதிலை அந்த ஒரே வார்த்தையால் செல்லாமல் ஆக்கிவிடுகிறான். 4 மணி என்று கெடு வைக்கிறான், யோசிக்க நேரம் கொடுக்காமல் இருப்பதற்காக. லைனை வெட்டாதே என்கிறான், மகனுக்கோ மருமகளுக்கோ போன் போட்டுக் கேட்டுவிடாமல் இருப்பதற்காக. பேரப்பிள்ளையைக் கூப்பிடச் சொல்கிறான். பத்து வயதுப் பையனுக்குப் போனில் எதை அமுக்க வேண்டும் என்று தெரியும், எதை அமுக்கக் கூடாது என்று தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேங்கில் இருந்து ஒருவர் தானாகவே போன் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘அம்மா, அம்மா’ என்று இவ்வளவு பொறுமையாக, கூடவே இருந்து வேலை முடித்துத் தருகிறாரா? கவுண்டரில் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரே ஒரு பதிலைச் சொல்லிக் கொடுங்கள்: “நான் பேங்குக்கே வாரேன் தம்பி.” சொன்னதும் போனை வைத்துவிட வேண்டும். நிஜமான பேங்க் ஆளாக இருந்தால் சரி என்பார். திருடனாக இருந்தால் திரும்பக் கூப்பிட்டு மிரட்டுவான். அந்த மிரட்டலே அவன் யார் என்பதற்கு அடையாளம்.

பழைய சாமானோ ஆடு மாடோ விற்பதாகப் போட்டிருந்தால், ‘பணம் போடுகிறேன், இந்த லிங்க்கைத் தொட்டு பின் நம்பரைப் போடுங்கள்’ என்று வருவதும் உண்டு. பணம் வாங்குவதற்கு லிங்க் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் நம்பர் போட்டால் பணம் வெளியே மட்டும்தான் போகும். ஒருவர் இன்னொருவரிடம் ‘பணம் கொடு’ என்று யுபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியே இப்படி ஏமாற்றப் பயன்பட்டதால்தான், 2025 அக்டோபர் முதல் அதை எடுத்துவிட்டார்கள்.

கடைசி வரியில் ஊர் இருக்கிறது

சரி, எல்லா லிங்க்கும் திருட்டு லிங்க்தானா? இல்லை. நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

தபால் விலாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ‘தேவாரம் டீ ஸ்டால்’ என்று இருக்கலாம். கடைசி வரியில் ‘சென்னை’ என்று இருந்தால் அந்தக் கடை சென்னையில்தான் இருக்கிறது. இணைய விலாசமும் அப்படித்தான். முன்னால் பேங்க் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முடியும் இடம்தான் உண்மை பேசும்.

விலாசத்தின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு வரும். அதைத் தாண்டி அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். சாய்கோடு இல்லையென்றால் விலாசம் முடியும் இடம். அதற்கு இடப்பக்கம் ஒட்டி இருப்பதுதான் ஊர்ப் பெயர். அங்கே ‘ஜிஓவி டாட் இன்’ என்று இருந்தால் அரசுத் தளம். பேங்க் என்றால் அங்கே ‘பேங்க் டாட் இன்’ என்று இருக்க வேண்டும். இந்தியாவில் உள்ள பேங்குகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் இந்த விலாசத்துக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் உத்தரவு போட்டது. முன்னால் பேங்க் பெயர், நடுவில் ‘கேஒய்சி அப்டேட்’, முடிவில் ‘டாட் டாப்’, ‘டாட் எக்ஸ்ஒய்இசட்’ என்று ஏதாவது இருந்தால் அது பேங்க் கிடையாது.

எஸ்எம்எஸ்ஸுக்கும் சில அடையாளங்கள் உண்டு. நிறுவனங்கள் எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்ப வேண்டுமானால் அந்த லிங்க்கை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டிருக்கிறது. 2025லிருந்து அனுப்புகிறவரின் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்தும் வருகிறது: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிமாற்றம், ஜி என்றால் அரசு. பத்து இலக்கச் செல்போன் நம்பரிலிருந்து ‘பேங்க்’ என்று சொல்லிக்கொண்டு வருகிற மெசேஜ் போலி. வாட்ஸ்அப்புக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது, அதனால்தான் திருடர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: கண்ணுக்குத் தெரிகிற எழுத்து ஒன்றாகவும், தொட்டால் போகிற இடம் வேறாகவும் வைக்க முடியும். ஆகவே விலாசத்தைப் படிக்கப் பழகுங்கள், ஆனால் படித்துவிட்டோம் என்ற தைரியத்தில் தொட்டுவிடாதீர்கள். பேங்க் வேலை என்றால் ஏற்கெனவே போனில் இருக்கும் பேங்க் ஆப்பைத் திறந்து பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்விடுங்கள்.

ஏழாவது லிங்க்

முன்பு பாக்கி வைத்த ஏழாவது அர்த்தம் இதுதான். வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்று ஒரு வரி இருக்கும். உங்கள் வாட்ஸ்அப் வேறு எந்தெந்தக் கம்ப்யூட்டரில், எந்தெந்தப் போனில் ஓடுகிறது என்று காட்டும் இடம் அது.

‘உங்கள் போட்டோ இதில் இருக்கிறது பாருங்கள்’, ‘ஓட்டுப் போடுங்கள்’ என்று திருடன் ஒரு லிங்க் அனுப்புவான். தொட்டதும் செல்போன் நம்பர் கேட்கும். பிறகு எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீட்டைக் காட்டி, அதை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்ட நொடியில் உங்கள் வாட்ஸ்அப் அவனுடைய கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளும். உங்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. அவன் உங்கள் பெயரில் மாமாவிடம் 5,000, சித்தப்பாவிடம் 10,000 என்று ‘ஆஸ்பத்திரிச் செலவு’ கேட்டுக்கொண்டிருப்பான். இப்போதே அந்த வரியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் தொட்டு ‘லாக் அவுட்’ கொடுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போட்டு ஆறு இலக்க எண் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டுவிட்டால்

பதறாதீர்கள். ஆனால் ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள். வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் அந்தப் போனில் நெட்டை அணையுங்கள், வைஃபை இருந்தால் அதையும் அணையுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டால் இரண்டும் ஒரே தட்டில் போய்விடும். நெட் இல்லாவிட்டால் அந்த ஆப்புக்குக் கை ஒடிந்த மாதிரி.

இரண்டாவது, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து 1930ஐக் கூப்பிடுங்கள். எந்தப் பேங்க், அக்கவுண்ட் நம்பர், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, மெசேஜில் இருக்கும் பரிமாற்ற எண் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் போய்ச் சேர்ந்த அக்கவுண்டை அங்கிருந்தே நிறுத்தச் சொல்லும் ஏற்பாடு இதில் இருக்கிறது. சீக்கிரம் சொன்னால் நிற்கும். பணத்தை ஏடிஎம்மில் எடுத்த பிறகு சொன்னால் நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது.

மூன்றாவது, ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பரில் பேங்கைக் கூப்பிட்டு கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். கூகுளில் தேடி எடுத்த நம்பரில் கூப்பிடாதீர்கள், அங்கேயும் போலி நம்பர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான்காவது, தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். முடியாவிட்டால் தேனி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கோ போங்கள். மெசேஜையும் அந்த ஃபைலையும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். வேறு போனில் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

ஐந்தாவது, புகார் வேலை முடிந்த பிறகு விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள்.

பணப் பொறுப்பு யாருக்கு என்பதில் ரிசர்வ் பேங்க் தன் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் ஒரு கணக்குச் சொன்னது. தப்பு உங்கள் மேலும் இல்லை, பேங்க் மேலும் இல்லை, வேறெங்கோ ஓட்டை என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நீங்களே ஓடிபியோ பின்னோ கொடுத்திருந்தால், பேங்க்குக்குச் சொல்லும் நேரம் வரை போனது உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போவது பேங்க்கின் பொறுப்பு. அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். சொன்ன நேரம்தான் கணக்கில் கோடு போடுகிறது.

ஊரில் பெரிய தடை வெட்கம். ‘வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் திட்டுவார்’, ‘மகன் கோபிப்பான்’ என்று இரண்டு நாள் மறைத்து வைத்துக்கொண்டு தனியாக அழுகிறவர்கள் உண்டு. திருடன் எதிர்பார்ப்பதும் அந்த இரண்டு நாளைத்தான். பணத்தை விட்டவர்களைத் திட்டாதீர்கள். திட்டு விழும் வீட்டில் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியவை

வீட்டில் இருக்கும் எல்லாப் போனிலும் 1930 என்ற எண்ணை ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் பெயரில் பதியுங்கள், பட்டியலில் முதலாவதாக நிற்கும். செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்ற இடத்தில் வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆதார் சேர்த்த அக்கவுண்டில் கைரேகை வைத்தே பணம் எடுக்க முடியும் என்பதால், எம்ஆதார் ஆப்பில் போய் கைரேகையைப் பூட்டி வையுங்கள். ரேஷனுக்கோ இ-சேவைக்கோ தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947. மலைக்குப் போகிறவர்கள் பெரிய தொகை இருக்கும் அக்கவுண்டில் யுபிஐ வைத்துக்கொள்ளாதீர்கள். கைச்செலவுக்கு மட்டும் ஒரு சின்ன அக்கவுண்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிற ஒருவரின் நம்பருக்கும் பேங்க் மெசேஜ் வருமாறு செய்ய முடியுமா என்று கிளையில் கேளுங்கள்.

இனி யாராவது ‘லிங்க்’ என்று வாயெடுத்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த லிங்க்? ஆபீஸில் முடிகிற லிங்க் என்றால், ‘நேரில் வாரேன்’. போனில் தொடுகிற லிங்க் என்றால், ‘வேண்டாம்’. மூன்றாவதாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் லைனை வெட்டிவிட்டு, அடுத்த வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அவனுடைய பட்டியலில் அடுத்த நம்பர் அவர்களுடையதாக இருக்கலாம்.